நாலு ஜாதி நாய் வளர்த்தவர்

லாப்ரடார் தையல் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டது.

அவர் வாரைப் பிடித்து இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். கிரேனே வந்தாலும் ஒரு கை பார்க்கிறேன் என்பதுபோல அது பின்பக்கத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு கடைக்குள்ளேயே பார்த்தது.

வீட்டிலிருந்து இதுவரைக்கும் அதுதான் அவரை இழுத்து வந்திருந்தது. எந்த முனையில் திரும்ப வேண்டும், எந்த நடைபாதைக் கல் ஆடும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. அவருக்கு இந்தப் பின்தெருவே புதிது. ரிடையராகும்வரை முப்பத்துநாலு வருஷமும் ஆபீஸ் வண்டி முன்தெருவில் வந்து அவரை அள்ளிக்கொண்டு போய், முன்தெருவிலேயே கொட்டிவிட்டுப் போயிருக்கிறது.

நேற்று மனைவிக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். ஒரு வாரத்துக்குக் குனியக் கூடாது, எதையும் இழுக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நாலு ஜாதி நாய் வளர்த்த கை இது என்று அவர்தான் மார்தட்டி வாரை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

ஆபீஸில் அவருக்கு நாய்ப் பேராசிரியர் என்று பெயர்.

அல்சேஷனுக்கு ஒரு காது மடங்கியதைப் பற்றியே இரண்டு மணி நேரம் பேசுவார். டால்மேஷனைத் தினம் ஐந்து மைல் ஓடவிடாவிட்டால் அது சோபாவில் ஆரம்பித்து வீட்டையே தின்று முடித்துவிடும் என்பார். டாக்ஸ்ஹண்டைப் படியேற விடவே கூடாது, நீள முதுகு, எலும்பு போய்விடும், தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும் என்பார். வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. கேட்கிறவர்கள் அவருடைய புஜங்களைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள்.

தையல்காரம்மா வெளியே வந்தாள். அறுபதை நெருங்கிய வயது, கழுத்தில் அளவு டேப். கையில் தயாராக ஒரு ரஸ்க். லாப்ரடாரின் வால் கடைக் கதவைப் பெயர்த்துவிடும்போல அடித்தது.

அக்கா வரலையா என்று அவள் நாயிடம்தான் கேட்டாள். அவர் முந்திக்கொண்டு ஆபரேஷனைச் சொன்னார். இந்த நாய்க்குச் சொந்தக்காரனே தான்தான் என்றார். அதோடு விட்டிருக்கலாம். எதிரே ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அல்சேஷனிலிருந்து ஆரம்பித்து, டால்மேஷனின் ஐந்து மைலைப் பத்து மைலாக்கி, நாலு ஜாதியையும் ஒரே மூச்சில் வளர்த்து ஆளாக்கிவிட்டார்.

 தையல்காரம்மா அவர் முடிக்கும்வரை அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா வீட்டுக்காரரா நீங்க?" என்றாள். "கட்டில விட்டு எழுந்துட்டீங்களா?"

பக்கத்துச் சாவிக்கடைக்காரரைக் கூப்பிட்டாள். எதிர் மருந்துக்கடைக்காரர் கூப்பிடாமலே வந்தார். நாற்காலி போட்டார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கி அவரை உட்கார வைத்தார்கள். அவர்கள் விசாரித்த விசாரிப்பில்தான் தன்னுடைய வியாதிகள் எல்லாம் அவருக்குத் தெரிய வந்தன.

அல்சேஷன் காலத்தில் அவருக்கு முதுகுத்தண்டில் கோளாறு. டால்மேஷன் காலத்தில் குளியலறையில் விழுந்து இடுப்பு. டாக்ஸ்ஹண்ட் காலத்தில் முழங்கால் இரண்டும். இந்த லாப்ரடார் வந்ததிலிருந்து ஒரு பக்கத்துக் காலே விளங்காமல் போய்ப் படுத்த படுக்கை. மருந்துக்கடைக்காரர் மனசு கேட்காமல் மாசத்துக்கு ஒரு தைலக் குப்பி சும்மாவே கொடுத்தனுப்பியிருக்கிறார். டிவி பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிய போதெல்லாம் அவர் தடவிக்கொண்ட தைலம் அது.

மழையிலும் வெயிலிலும் ஒரு பொம்பளை தன்னந்தனியாக நாயைப் பிடித்துக்கொண்டு போனால் நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள், வீட்டில் அவர் இல்லையா என்று. இருக்கிறார், சோபாவில் இருக்கிறார் என்று சொல்ல மனைவிக்கு வாய் வரவில்லை.

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாயின் பக்கம் திருப்பினார். அது ரஸ்க் தின்றுகொண்டிருந்தது.

உள்ளதைச் சொன்னால் முப்பத்துநாலு வருஷத்துக்கும் சேர்த்து அவள் பொய்க்காரி ஆவாள். கண் ஆறியதும் வாரைப் பிடித்துக்கொண்டு அவள்தான் இந்தத் தெரு வழியாக வர வேண்டும். சொல்லாவிட்டால் அவர் நோயாளி, அவ்வளவுதானே.

எழுந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகத்தைச் சுளித்து, வலது காலைத் தரையில் தேய்த்து ஒரு எட்டு வைத்தார். அப்புறம் இன்னொரு எட்டு. முக்கி முனகி, நாடக மேடையில்கூட யாரும் நொண்டியிராத நொண்டு நொண்டினார். எல்லாம் இன்றைக்குத்தான் ஆரம்பம், இனிமேல் நானே வந்து பழக வேண்டும் என்றும் சொல்லி வைத்தார்.

சாவிக்கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தையல்காரம்மா சாவிக்காரர் கையைப் பிடித்து அழுத்தினாள். பார்த்துப் போங்கண்ணே என்று மட்டும் சொன்னாள். எவ்வளவு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டார் அவர்.

மூன்று பேரின் கண்ணும் முதுகில் இருந்ததால் தெருமுனைவரை காலைக் கீழே ஊன்றவில்லை. திரும்பிய பிறகும் ஊன்றத் தைரியம் வரவில்லை. யார் எந்த ஜன்னலிலிருந்து பார்ப்பார்களோ.

மனைவி கருப்புக் கண்ணாடியோடு கீழ்ப்படியில் உட்கார்ந்து காத்திருந்தாள். தூரத்திலிருந்தே அவர் நொண்டி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் என்னாயிற்று என்று கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, மடியில் வைத்து, பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அவர் பக்கத்தில் வந்து நின்றதும் மெதுவாகச் சொன்னாள்.

"அந்தக் கால் இல்லீங்க. இடது கால்."