போனவர் திறந்த கதவு

திங்கட்கிழமை வேலையிலிருந்து தூக்கப்பட்ட பழைய மேலாளர், இன்று காலை தன் அட்டையைக் காட்டி ஜம்மென்று அலுவலகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்திருந்தார். மறந்துபோன குடையை எடுக்க வந்தாராம்.

அவர் நாற்காலியில் அந்தத் திங்கட்கிழமையே வந்து உட்கார்ந்த புதிய மேலாளர் இதை நம்ப, காதில் பூவா வைத்திருக்கிறார்? வாட்ச்மேன் ஓடிவந்து திறந்துவிட்ட கதவு வழியாக நுழைந்தவர், நேராக சர்வர் அறைக்குப் போனார்.

ஏசி குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கணினி முன்னால் இருந்தாள் சர்வர் அக்கா. அலுவலகத்தில் யார் உள்ளே வரலாம், யார் எதைத் தொடலாம் என்று முடிவு செய்யும் டைரக்டரி சர்வர் அவள் பொறுப்பு.

"அந்த ஆள் அட்டையை முடக்கச் சொன்னேனா இல்லையா?"

"அன்னைக்கே முடக்கிட்டேன் சார்."

"அப்புறம் எப்படிக் கதவு திறந்துச்சு? பழைய விசுவாசமோ?"

"நேத்து டிஸ்க் போயிடுச்சு சார். போன வெள்ளிக்கிழமை எடுத்த பேக்கப்பைப் போட்டுத்தான் சர்வரை எழுப்பினேன். அதுக்கப்புறம் செஞ்ச மாத்தமெல்லாம் லாக் ஃபைல்ல இருந்துச்சு. அதைத்தான் நீங்க குப்பைன்னு அழிக்கச் சொல்லிட்டீங்களே. இப்ப ஒவ்வொண்ணா கையால பதிஞ்சுக்கிட்டிருக்கேன்."

"இடத்தை அடைக்குதுன்னு சொன்னேன். அதுக்காகப் பழியை என் தலையிலயே கட்டுறியா?"

மேலாளருக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. டிஸ்க் போனதாம், லாக் இல்லையாம், குடையாம்! இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள்.

"எந்திரி. உன் பேரை இப்பவே நீக்குறேன். நாளையிலேருந்து நீயும் வர வேண்டாம்."

வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். எழுந்து நாற்காலியை விட்டாள்.

மேலாளர் உட்கார்ந்து தன் பெயரையும் பாஸ்வேர்டையும் படபடவென்று தட்டினார். திரை ஏற்கவில்லை. கோபத்தில் விரல் தப்பியிருக்கும் என்று ஒவ்வொரு எழுத்தாகக் குத்திப் பார்த்தார். அப்போதும் அதே கதைதான்.

"அடிப்பாவி, என்னையே முடக்கிட்டியா? என் பேரை என்ன பண்ணின?"

சர்வர் அக்கா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணல சார். வெள்ளிக்கிழமை பேக்கப்புல நீங்க இன்னும் வேலைக்கே சேரல."