கண்ணாடி ஏறிய நாள்

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே டிரைவர் எல்லோருக்கும் நன்றி சொல்லி முடித்திருந்தார்.

கிரேன்காரருக்குச் சொன்னார். மலைப்பாதையில் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கிய சாலைப் பணியாளர்களுக்குச் சொன்னார். வானாய்வகத்தின் கதவைத் திறந்துவிட்ட காவலாளிக்கும் சொன்னார். இதற்கெல்லாமா நன்றி என்று காவலாளி திருதிருவென்று விழித்தார்.

சொல்லக் காரணம் இருந்தது. போன வருஷம் இதே மலையில் சிமென்ட் லாரியைக் கவிழ்த்தவர் அவர். கைவிட்டது பிரேக்தான். ஆனால் ஊர் வாய் பிரேக்கையா திட்டும்? அதற்கப்புறம் செங்கல் லோடுகூட யாரும் அவரை நம்பிக் கொடுக்கவில்லை. லாரியை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்துவிட்டார்.

அப்படிப்பட்டவரை நம்பித்தான் புதிய தொலைநோக்கியின் கண்ணாடியைக் கொடுத்திருந்தார்கள்.

உச்சியில் ஏற்கெனவே ஒரு பழைய தொலைநோக்கி இருந்தது. அதன் உலோகக் கண்ணாடி அடிக்கடி கறுத்துப்போகும். தேய்த்துத் தேய்த்தே அதன் பாதி ஆயுள் போயிருந்தது. புதியது ஆள் உயரத்தைவிட அகலம். அடிவாரப் பட்டறையில் பொறியாளர் மேடம் ஆறு வருஷம் இழைத்து மெருகேற்றியது. கீறல் விழுந்தால் அந்த ஆறு வருஷமும் போச்சு.

அதனால் முன்னேற்பாடு பலமாக இருந்தது. அதே எடையில் ஒரு கான்கிரீட் வட்டம் வார்த்து, அதே மாதிரிப் பெட்டியில் அடைத்து, நேற்று ஒத்திகை பார்த்தார்கள். நேற்று ஓட்டியதும் இதே டிரைவர்தான். இன்று நிஜக் கண்ணாடி.

இன்று சாலையின் இரண்டு பக்கமும் ஜனம். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். பெட்டியைத் தொட்டுப் பார்க்க லாரியின் பின்னால் ஓடி வந்தார்கள். டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்து, நடந்து வந்தவர்களே முந்திப் போகிற வேகத்தில், வேர்த்து விறுவிறுத்து ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் மனசுக்குள் யாருக்காவது நன்றி சொல்லிக்கொண்டே வந்தார்.

உச்சிக்கு வந்து பெட்டியை உள்ளே இறக்கியதும், கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டு மேடம் கதவைச் சாத்தினார். பெட்டியின் மூடியை டிரைவரையே தூக்கச் சொன்னார்.

உள்ளே சாம்பல் நிறத்தில் கான்கிரீட் இருந்தது. ஓரத்தில் கொத்தனாரின் கரண்டித் தடம்கூடத் தெரிந்தது.

டிரைவருக்கு முகம் செத்துப்போனது. ஊருக்காக ஒரு வேஷம் போடவைத்துவிட்டு, நிஜத்தை வேறு நல்ல கையில் கொடுத்திருக்கிறார்கள். நியாயம்தான். அவரே அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

"வேற யாரு மேடம் கொண்டு வந்தாங்க? பரவாயில்ல, சொல்லுங்க."

மேடம் அவரை உள்ளறைக்கு அழைத்துப் போனார். அங்கே மெத்தைமேல் கண்ணாடி படுத்திருந்தது. கூரையின் இரும்புச் சட்டங்கள் முழுக்க அதற்குள் இருந்தன.

"இன்னைக்குக் கூடுற கூட்டத்தை நினைச்சுத்தான் ஒரு நாள் முன்னாடியே ஏத்திட்டோம். நேத்து நீங்க கொண்டு வந்தது இதுதாண்ணே."

டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நேற்று ஒத்திகைதானே என்று மாமியாரையும் அதே லாரியில் ஏற்றியிருந்தார். அவர் மெத்தை தைப்பவர். பெட்டிக்கு மெத்தை தைத்ததும் அவர்தான். மேலே போய் ஒரு தையல் பார்க்கணும் என்று வந்து ஏறிக்கொண்டார். கூடவே எங்கிருந்தோ ஒரு முதுகு வலியும் வந்து ஏறிக்கொண்டது.

சின்னக் குழிக்கெல்லாம் "ஐயோ". வளைவுக்கு ஒரு "அம்மாடி". ரோட்டில் ஓட்டுகிறீர்களா, படிக்கட்டில் இறக்குகிறீர்களா என்று வழி நெடுக அர்ச்சனை. மருமகனைப் பற்றி மாமியார் ஒரு நல்ல வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்த வாய்க்குப் பயந்தே டிரைவர் ஒரு குழி விடாமல் ஒதுக்கி ஓட்டினார்.

"நல்லவேளை, அத்தை கூட வந்தாங்க. விஷயம் தெரிஞ்சிருந்தா மயங்கியே விழுந்திருப்பாங்க" என்றார்.

மேடம் கொஞ்சம் தயங்கினார்.

"அவங்களுக்குத் தெரியும்ணே. வேற டிரைவரைப் போடலாம்னுதான் எல்லாரும் சொன்னாங்க. மெத்தையைத் தோள்ல தூக்கிட்டு வந்தவங்க அதைக் கேட்டுட்டு, எங்க மாப்பிள்ளைகிட்டயே குடுங்க, நானும் அதே வண்டியில உக்காந்து வர்றேன்னு ஒரே பிடியா நின்னாங்க."

டிரைவர் வெளியே வந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. அதை மறைக்க அவர் மெனக்கெடவில்லை. கண்ணாடியைச் சுமந்தவர் கண் கலங்குவது கூட்டத்துக்கு நியாயமாகத்தான் பட்டது.

கூட்டத்தோடு மேலே வந்திருந்த மாமியார் லாரியின் படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, பத்திரமாப் போய்ச் சேர்ந்துச்சா?" என்றார், நாலு பேர் கேட்கும்படி.

"சேர்ந்துருச்சு அத்தை." "உங்க முதுகு எப்படி இருக்கு?"

மாமியார் எங்கோ பார்த்துக்கொண்டு சேலைத் தலைப்பை உதறினார்.

"அது நேத்தே சரியாப்போச்சு."