கடைசி வண்டியின் பாரம்

அமெரிக்காவின் பிளாட் ஆற்றங்கரையில், வண்டித் தடத்தின் நட்டநடுவே, மூன்று வயது தர்சாவைச் சற்றுமுன்தான் புதைத்தோம். சிலுவை இல்லை, கல்லும் இல்லை. புதைத்த தடமே தெரியக் கூடாது; மண் இளகிக் கிடந்தால் ஓநாய் மோப்பம் பிடித்துத் தோண்டிவிடும். மேற்கே போகும் எங்கள் வண்டிகள் ஒவ்வொன்றாக அந்தப் புதுமண்ணை மிதித்துப் போகின்றன. மாட்டுக் குளம்புகளில் ஈரமண் ஒட்டுகிறது. கிளம்பும் புழுதியில் காலை வெயில் மஞ்சளாகத் தொங்குகிறது. பதினோராவது, கடைசி வண்டி பிள்ளையைப் பெற்றவர்களுடையது. தாய் கெசையா சட்டென்று கீழே இறங்குகிறாள்.

“ஏன் இறங்குனே?” என்கிறான் கணவன் லெமுவேல்.

“என் பாரமாவது பிள்ளை மேல ஏறாம இருக்கட்டும்.”

“பாரம் இருந்தாத்தான் மண்ணு இறுகும். ஏறு.”

“ஒரேகான்ல சும்மா நிலம் தர்றாங்கன்னு கூட்டிட்டு வந்தியே, நல்லா இருப்பே!”

ஏறி உட்காருகிறாள். சக்கரம் கொஞ்சமும் குலுங்காமல் கடக்கிறது. பத்து வண்டிகளே போதுமாக இருந்திருக்கிறது.