சுருட்டை வால்கள்

"போர்டை அழிச்சு ஒழுங்கா எழுதுங்க. இல்லேன்னா ஒருத்தனும் மேடை ஏற மாட்டோம்!"

ட்ரெவர் கிடாரை மேசைமேல் வைத்துவிட்டான். லீட்ஸிலிருந்து வேனில் வந்து இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் சண்டை. ஹல் துறைமுகத்தில் மீனவர் கிளப்பின் வாசலில் ஒரு கரும்பலகை. அதில் சாக்பீஸால் எழுதியிருந்தது: 'ஞாயிறு மதியம் பாட்டுக் கச்சேரி. பாடுவது, சுருட்டை வால்கள்.'

"எங்க பேரு 'பறக்கும் பன்றிகள்' ஐயா!"

கிளப் செயலாளர் வில்ஃப் சட்டென்று குனிந்து நாற்காலியின் இரும்புக் காலைத் தொட்டார்.

"நான் பேசிட்டிருக்கேன், நீங்க நாற்காலியைத் தடவறீங்க?"

"சுருட்டை வாலுக்கு என்ன தம்பி குறைச்சல்? ராத்திரி பூரா யோசிச்சு வெச்சேன்."

"நாங்க பெத்த புள்ளைக்கு நீங்க யாரு பேர் வைக்க? லண்டன்லேருந்து இசைத்தட்டு கம்பெனி ஆள் இன்னிக்குத்தான் வர்றாரு. எட்டு மாசம் லெட்டர் மேல லெட்டர் போட்டு வரவழைச்சிருக்கோம். அவர் பன்றிகளைத் தேடி வருவாரு. வாலைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிடுவாரு!"

வில்ஃப் மறுபடியும் நாற்காலிக் காலைத் தொட்டார்.

"ஆள் எப்படி இருப்பாரு?"

"யார் கண்டா? கோட்டு சூட்டு போட்டிருப்பாரு. சாக்பீஸைக் கொடுங்க, நானே எழுதிக்கறேன்."

வில்ஃப் சாக்பீஸை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்தச் சொல்லை இந்த வாசல்ல எழுத விடமாட்டேன்."

"ஏன்?"

"சொல்ல முடியாது."

"அதான் ஏன்?"

"அதைச் சொல்லாம அதைச் சொல்ல முடியாதுப்பா!"

சரியான கிறுக்குக் கிழவன் என்று ட்ரெவர் முடிவு செய்தான். டிரம் அடிக்கும் நெவில்தான் அவனை இழுத்துப் போனான். "வாடா. ஹால் நிறைஞ்சு கிடக்கு. அந்த ஆள் தப்பித் தவறி உள்ள வந்தாலும் வருவாரு."

கோஷ்டியில் மொத்தமே நாலு பேர். வாசலில் நிறுத்தி வைக்க ஐந்தாவது ஆள் கிடையாது.

பாடினார்கள். ஹால் முழுக்கப் பெண்கள். கை தட்டினார்கள், நாற்காலியைத் தள்ளிவிட்டு ஆடினார்கள். சிகரெட் புகையில் மூன்றாவது வரிசைக்கு மேல் ட்ரெவருக்கு எதுவும் தெரியவில்லை. செயலாளரையும் காணோம். முக்கால் மணி நேரம் கழித்து, தொப்பி முதல் ஷூ வரை மழையில் சொட்டச் சொட்ட நனைந்து மேடைப் பக்கம் வந்தார்.

'இங்க எங்க பொழைப்புல மண்ணைப் போட்டுட்டு, வேற எங்கயோ குடிக்கப் போயிட்டு வர்றான் பாரு!' ட்ரெவர் மனசுக்குள் திட்டினான்.

கடைசிப் பாட்டு முடிந்தது. இதற்கு மேல் பொறுக்க முடியாமல் அவன் மைக்கைப் பிடித்தான்.

"எல்லாருக்கும் ஒரு விஷயம்! போர்டுல இருக்கற பேரு தப்பு. எங்க உண்மையான பேரு, பறக்கும்…"

மைக் செத்தது.

சுவரோரம் வில்ஃப் நின்றார். கையில் பிடுங்கிய பிளக்.

ட்ரெவர் மேடையிலிருந்து குதித்தான். "யோவ் கிழவா! உனக்கு என்னய்யா எங்க மேல இவ்வளவு வன்மம்?"

பீர் ஊற்றிக்கொண்டிருந்த டோரீன் ஓடி வந்து குறுக்கே நின்றாள். கையைப் பிடித்து அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"கண்ணு, மெதுவா. நீங்க சொல்றீங்களே, சேத்துல புரளற அந்த ஜீவன், அதோட பேரை இங்க யாரும் வாயால சொல்ல மாட்டோம். காதுல விழுந்துட்டா உடனே இரும்பைத் தொடணும். இல்லேன்னா கடலுக்குப் போனவங்க திரும்ப மாட்டாங்கன்னு நம்பிக்கை."

"என்னக்கா இது, இந்தக் காலத்துல!"

"அந்தக் கடைசி மேசையில மாசமா இருக்காளே, அவ புருஷன் இப்ப ஐஸ்லாந்து பக்கம் கப்பல்ல இருக்கான். அவளுக்குப் பக்கத்துல இருக்கறவளுக்குப் புருஷனும் மகனும். நீ அதை மைக்ல கத்தியிருந்தா, அந்தக் கப்பல் கரைக்கு வர்ற வரைக்கும் இங்க ஒருத்தியும் தூங்கியிருக்க மாட்டா."

ட்ரெவர் அந்த மேசையைப் பார்த்தான். அந்தப் பெண் இன்னும் சிரித்துக்கொண்டு, தோழியோடு அவன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையாகவும் வந்தது. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லையே!

"இங்க யாரு ட்ரெவர்?"

கோட்டு சூட்டு போட்ட ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தலை நனைந்திருந்தது.

"நான் லாட்டிமர், லண்டன்லேருந்து. கடைசி மூணு பாட்டு கேட்டேன். அது போதும். வியாழக்கிழமை ஸ்டூடியோவுக்கு வந்துடுங்க. தட்டுல என்ன பேர் போடணும்?"

நெவில் வாயைத் திறந்தான். ட்ரெவர் அவன் காலை மிதித்தான்.

"'சுருட்டை வால்கள்'னே போடுங்க சார். ஆனா, போர்டுல இந்தப் பேரைப் பார்த்துட்டு எப்படி உள்ள வந்தீங்க?"

"எங்க வந்தேன்! 'நான் தேடி வந்த கோஷ்டி இது இல்லை'ன்னு டாக்ஸிக்குத் திரும்பிட்டேன். கொட்டற மழையில நின்னுட்டிருந்த ஒரு பெரியவர் ஓடி வந்து என் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு, நடுரோட்டுல, கொஞ்சம்கூடக் கூச்சப்படாம, மூக்கைத் தூக்கிக்கிட்டு 'உர்… உர்…'னு உறுமிக் காட்டினார்!"