தூரத்து மலை அப்படித்தான்

கடைசி மலைக்கு அவர் இன்னும் கொஞ்சம் வெள்ளையைக் கலந்தார்.

நீலம் முக்கால்வாசி செத்த பிறகுதான் அந்த மலை வானத்தோடு ஒட்டி நின்றது.

அதற்கு முன்னால் சாம்பல் நீலத்தில் ஒரு வரிசை. அதற்கும் முன்னால், பச்சை லேசாக எட்டிப் பார்க்கும் குன்றுகள். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், ஓரமாக, கரும்பச்சையில் ஒரு பெரிய மரம். அது வந்து நின்றதும் மலைகள் தாமாகவே பத்து மைல் பின்னால் போய்விட்டன.

மனைவி பக்கத்து நாற்காலியில் படத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் 'சரி' சொல்லாமல் முப்பது வருடத்தில் ஒரு படமும் வீட்டைத் தாண்டியதில்லை.

"என்னங்க, முன்னாடி ஒரு மரம் வைக்கணும்னீங்களே, எப்ப வைக்கப் போறீங்க?"

மரம் நேற்றே முடிந்துவிட்டது. அவள் கை நீட்டினால் தொடலாம்.

"இதோ, இப்பதாம்மா வைக்கிறேன்."

காய்ந்த தூரிகை ஒன்றை எடுத்து, முடிந்த மரத்தின் மேலேயே சரசரவென்று இழுத்தார். அவள் அந்தச் சத்தத்துக்குத் தலையாட்டினாள்.

போன வருடம் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது முதன்முதலாகச் சொன்னாள், மலையெல்லாம் புகை மூடினாற்போல் இருக்கிறது என்று.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "தூரத்து மலை அப்படித்தான் தெரியும். அதை வச்சுத்தானே நம்ம பொழப்பே ஓடுது!"

பிறகு தெருமுனை மங்குகிறது என்றாள். எதிர்வீட்டுக் கதவு என்றாள். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு வேடிக்கை இருந்தது.

அப்புறம் அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

போன மாதம் கண் டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, போன பார்வை இனித் திரும்பாது, மிச்சமும் நிற்காது என்றார். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். நான்தான் யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டேன்."

டாக்டர் அவளைத் திட்டினார். படித்த பெண் இப்படியா அலட்சியமாக இருப்பது என்றார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரும் அப்போது வாயைத் திறந்தார்.

"என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"