தூணில் கட்டிய ஆராய்ச்சி

காரைக்குடியில் வாடகைக்கு எடுத்த பழைய வீட்டின் முற்றத்தில் காலை வெயில் சரிந்து விழுகிறது. மருத்துவ மாணவர்கள் தாங்களே நடத்தும் முதல் ஆராய்ச்சி அரங்கு இது. சுவரில் எதையும் ஒட்டக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால், தேவா ஒவ்வொரு போஸ்டரையும் புண்ணுக்குக் கட்டும் துணியால் தேக்குத் தூணில் சுற்றிக் கட்டுகிறான். "தூணுக்குக் கால் முறிஞ்சு போச்சாடா?" என்று யாரோ சிரிக்கிறார்கள். அனுசுயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் போனில் நினைவூட்டினால் முதியவர்கள் பிரஷர் மாத்திரையை மறக்க மாட்டார்கள் என்று நம்பி ஆராய்ந்தவள் அவள். நினைவூட்டியும் பலனில்லை என்றுதான் முடிவு வந்திருக்கிறது. "தோத்ததை எதுக்குத் தொங்கவிடணும்? என் போஸ்டரை அவுத்துரு தேவா." "இறுக்கிக் கட்டிட்டேன். இனி நீயாச்சு, தூணாச்சு." முதலாமாண்டு நிவேதா வந்து அதை நிதானமாக வாசிக்கிறாள். "அக்கா, போனை எடுத்தது யாரு? அந்தப் பெரியவுகளா, வீட்டுப் புள்ளைகளா?" அனுசுயா போஸ்டரை மறுபடி பார்க்கிறாள். "அதை நான் கேக்கவே இல்லையே!" அவள் குரல் முற்றம் முழுக்கக் கேட்கிறது, நாலைந்து பேர் திரும்பி, அருகில் வருகிறார்கள். அவள் தேவாவின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, முடிவுக்குக் கீழே அந்தக் கேள்வியைப் பெரிதாக எழுதுகிறாள். "அடுத்த தடவை ஆராயப் போறப்ப நீயும் என்னோட வாரியா?" என்று நிவேதாவிடம் கேட்கிறாள்.