வரிசை மாறிய வகுப்பு

கரும்பலகையில் ‘விகடகவி’ என்று எழுதிவிட்டுத் தமிழாசிரியை திரும்புகிறாள். கடைசி பெஞ்சில், தொப்பை மேசையில் இடிக்க, தாளாளர் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் வெயில் அவர் வழுக்கையில் பளபளக்கிறது. இந்த வகுப்பைப் பார்த்துவிட்டுத்தான் அவளுடைய வேலையை நிரந்தரமாக்குவாராம். அதற்காக ஒரு வாரமாக இதே கேள்விகளை இதே வரிசையில் கேட்டு, பதில்களைப் பிள்ளைகள் வாயில் ஏற்றி வைத்திருக்கிறாள். பதற்றத்தில் ‘இந்த வார்த்தையில என்ன விசேஷம்?’ என்ற முதல் கேள்வியை விழுங்கிவிட்டு இரண்டாவதைக் கேட்கிறாள். “இதே மாதிரி இன்னொரு வார்த்தை சொல்லுங்க பார்ப்போம்.” “பின்னாலேருந்து படிச்சாலும் அதேதான் டீச்சர்” என்று வகுப்பே ஒரே குரலில் முழங்குகிறது. முன் பெஞ்சுக் குட்டி மட்டும், “டீச்சர், வரிசை மாறிடுச்சு” என்கிறது. அவள் விரலிடுக்கில் சாக்பீஸ் நொறுங்குகிறது. போனில் ஓடும் கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே தாளாளர் எழுந்துகொள்கிறார். “பிரமாதம்மா. பசங்க என்ன போடு போடுறாங்க. ஆபீஸ்ல ஆர்டர வாங்கிக்குங்க.” இந்த ஆளுக்குப் பயந்தா ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தோம்? கும்பிட்ட கையை இறக்காமல், அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்க்கிறாள், பிறகு காலிலிருந்து தலைவரை. எப்படிப் பார்த்தாலும் அதேதான்.